இரண்டாவது இரண்டரை மணி

டூயிஸ்பர்க் துறைமுகத்தைப் பார்த்தபடி
ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம்.
மூன்றாம் மாடியில் நாங்கள் ஒன்பது பேர்.
ஐந்தாம் மாடியில் அவர்கள் பதினொரு பேர்.
சம்பளம் ஒரே கணக்கிலிருந்து.
செய்யச் சொன்ன வேலையும் ஒன்றே:
சீனத்திலிருந்து ரயிலேறி வரும் பெட்டிகளை
லாரிக்காரர் கைப்பேசியில் காட்ட ஒரு செயலி.

நான்காம் மாடியில் ஒரு பல் மருத்துவர்.

ஷென்ஜென் தலைமையகத்தில்
இதற்குக் குதிரைப் பந்தயம் என்று பெயர்.
இரண்டு குதிரைக்கும் ஒரே லாயம், ஒரே கொள்ளு.
ஜெயிக்கிற குதிரைக்குப் பெயர் வைப்பார்கள்.
தோற்றதை ஒருங்கிணைப்பார்கள்.

எங்கள் செயலி பச்சைக்குள் குடியிருந்தது,
அவர்களுடையது நீலத்துக்குள்.
பச்சையில் அனுப்பிய சுட்டி நீலத்தில் திறக்காது என்று
ஷுவே மின் ஒரு நாள் செய்து காட்டினாள்:
ஒரு ஜோடிச் செருப்பின் படம் அனுப்ப
எழுத்தும் எண்ணும் காசுக்குறியுமாய் ஒரு கிறுக்கல்.
அதை நகலெடுத்து, இந்த வீட்டை விட்டிறங்கி,
அந்த வீட்டு வாசலில் ஒட்ட வேண்டும்.
பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகளுக்கு நடுவே
பலகாரத் தூக்கோடு நடக்கும் பிள்ளை மாதிரி
கோடிப் பேர் நடந்திருக்கிறார்கள்.
இப்போது சில கதவுகளைத் திறந்துவிட்டார்களாம்.
கைப்பழக்கம்தான் போகவில்லை என்றாள்.

லிஃப்டில் ஐந்தாம் மாடி நியே யுன் வருவார்.
இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்.
மழை, என்பார்.
ஆமாம் மழை, என்பேன்.
அதற்கு மேல் பேச எங்களுக்கு அனுமதி இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு, விடியுமுன்
இந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியது.
இரண்டு நாற்பதுக்குக் கிரேனை விட்ட பெட்டி
இரண்டு பத்துக்கு வாயிலைக் கடந்ததாக
எங்கள் செயலி சத்தியம் செய்தது.
போலந்துக்காரர் ஸ்லாவோமிர்
வராத பெட்டிக்கு வண்டியிலேயே படுத்துக் கிடந்தார்.
பெட்டி அவர் தலைக்கு நேர் பின்னால் நின்றது.

ஷென்ஜெனுக்கு விளக்கிப் பார்த்தேன்.
அங்கே நாடு முழுக்க ஒரே மணி,
அதுவும் திரும்பி நடக்காது.
மூன்று இரவு. பதினேழு வரி. சரியாயிற்று.
டிராம் நிறுத்தத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால்
ஐந்தாம் மாடியில் ஒரு விளக்கு மட்டும்
மூன்று இரவும் எரிந்தது.

பிப்ரவரியில் இரண்டு வரிச் செய்தி: ஐந்தாம் மாடி.
எங்களில் ஆறு பேருக்கு அட்டைப்பெட்டி கொடுத்த ஹைக்கே
எனக்கு மட்டும் புதுச் சாவி கொடுத்தாள்.
இறந்தவர் வீட்டுப் பாத்திரங்களை
உயிரோடிருப்பவர் பரணில் அடுக்கும் வேலை எனக்கு.

அவர்கள் நிரலைத் திறந்தேன்.
சொல்லத்தான் வேண்டும், எங்களுடையதைவிடச் சுத்தம்.
தோற்றது நியாயம் என்று தோன்றத் தொடங்கிய இடத்தில்,
இரண்டாயிரத்துச் சொச்சமாவது வரியில்,
சீனத்தில் ஒரு குறிப்பு.
மொழிபெயர்ப்புக் கருவி முனகியது:

இந்த மணி இரண்டு முறை வருகிறது.
எது எதுவென்று தெரியவில்லை.
மூன்றாம் மாடிக்குத் தெரிந்திருக்கலாம்.
கேட்கக் கூடாது.

அதன் கீழே, அந்த ஒரு மணி நேரத்துப் பெட்டிகளையெல்லாம்
கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்.
காணாமல் போகவில்லை அவை.
வராதவை ஆகிவிட்டன.

என் பதினேழு வரிகளை அங்கே வைத்தேன்.
குறிப்பை அழிக்கக் கை வரவில்லை.
கீழே எழுதினேன்:
முதல் இரண்டரைக்கு இரண்டு கழிக்கவும்,
இரண்டாம் இரண்டரைக்கு ஒன்று.

மறுநாள் லிஃப்டில்
கன்னத்தைப் பிடித்தபடி ஒரு நோயாளி
எங்களுக்கு நடுவில் நின்றார்.
வெளியே மழை. நியே யுன் மழை என்று சொல்லவில்லை.
நோயாளியின் தோளுக்கு மேலாக
இரண்டு விரலைக் காட்டினார்.
பிறகு ஒன்றை மடக்கினார்.

நான்காம் மாடியில் கதவு திறந்தது.